நீலநாக்கு அரணையின் ஐந்தாவது விரல்

ஒரு மனிதர் என்னை நம்பி ஒப்படைத்த அரணையை நான் தொலைத்தேன். தொலைத்ததைச் சொல்லாமல், வேறொன்றை வாங்கி அதன் இடத்தில் வைத்தேன். "இது என்னுடையதுதானா?" என்று அவர் கேட்டபோது ஓம் என்றேன். அத்துடன் நின்றிருந்தால் சாதாரணப் பொய்யனாக இருந்திருப்பேன். விலங்கியல் படித்தவன் என்பதால் விளக்கமும் சொன்னேன். அந்த விளக்கத்தை அவர் ஒரு சபையில் எழுந்து நின்று, என்னைச் சாட்சியாகக் காட்டி, முப்பது நாற்பது பேருக்கு எடுத்துரைத்தார். அவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்புக் கதைதான். இதை எழுதும்போது நானும் இடையிடையே சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு அவர்கள் பார்த்துச் சிரித்தது என்னை அல்ல, அவரை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜேர்மனியின் எசன் நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நானும் மனைவியும் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் மேல்வகுப்புகளுக்கு விலங்கியல் படிப்பித்தவன் நான். எசனில் ஒரு வைத்தியசாலைக் குசினியில், கோப்பை கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை. கழுவியது இயந்திரம், நான் நின்றேன்.

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு ஜேர்மன்காரர் தனியாக இருந்தார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து இளைப்பாறியவர். மனைவி காலமாகிவிட்டார். நெடிய மனிதர், படிக்கட்டில் யாராவது எதிர்ப்பட்டால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார். ஒருநாள் அப்படி வழிவிட்டபடியே, ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ஆசிரியர் என்பதற்கான டொச் மொழிச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். வாய்க்கு வந்தும் விட்டது. ஆனால் கையில் குப்பைப் பை இருந்தது. குப்பைப் பையோடு நிற்பவன் கொஞ்சம் பெரிய சொல்லாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "விலங்கியலாளர்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. குப்பையைப் போடக்கூட விடாமல் மேலே கூட்டிக்கொண்டு போனார்.

அவருடைய வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு சூட்டு விளக்கு. விளக்கின் கீழே மரச்சீவல்களுக்கு நடுவில், நல்ல மரவள்ளிக்கிழங்கு ஒன்றின் அளவில், ஓர் அரணை படுத்திருந்தது. கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து ஒட்டவைத்ததுபோல நான்கு சின்னக் கால்கள். எங்களைக் கண்டதும் வாயைத் திறந்து நாக்கை நீட்டியது. மையில் தோய்த்து எடுத்ததுபோன்ற நீலநாக்கு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அரணை நக்கினால் ஆள் தப்பாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பாம்பு கடித்தாலாவது பரியாரியிடம் ஓடலாம். அரணைக்கு ஓடிப் பயனில்லை. மனிதருடைய நல்ல காலம், அரணைக்கு ஞாபகமறதி. நக்க வரும், பாதி வழியில் வந்த காரியத்தை மறந்து திரும்பிப் போகும் என்பார்கள். பாடம் மறந்த பிள்ளைகளை 'அரணைப் புத்தி' என்று நானே ஏசியிருக்கிறேன். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் படிப்பித்தவனும் நானே. ஆனால் வகுப்பிலிருந்தது சோக்கட்டியால் கரும்பலகையில் கீறிய அரணை. இது மரவள்ளிக்கிழங்கு அளவு, மறதியும் இல்லாதது. எதைக் கண்டாலும் முதலில் நக்கிப் பார்ப்பதே இதன் தொழில்.

"கையில் எடுத்துப் பாருங்கள்" என்றார்.

"ஓய்விலிருக்கும் விலங்கைக் குழப்பக்கூடாது" என்றேன். அவர் அதை மிகவும் மெச்சினார்.

சுவரில் அவரே வரைந்த பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. அவுஸ்திரேலியாவும் அதற்கு மேலே நியூகினியும் அதைச் சுற்றிய இந்தோனேசியத் தீவுகளும். எங்கெங்கே எந்த நீலநாக்கு அரணை வாழ்கிறது என்று வண்ணப் பென்சிலால் பிரித்துக் காட்டியிருந்தார். கிழக்குக் கரையோரம் பச்சை. வடக்கே மஞ்சள். மேற்கே வறண்ட நிலத்தில் செம்மண் நிறம். தெற்கிலும் தஸ்மேனியாவிலும் குளிருக்குப் பழகிய ஒன்றுக்கு நீலம். கடலுக்கு அப்பால் நியூகினிக்காரருக்கு ஊதா. ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் ஊசி முனை போன்ற கறுப்புக் கோடு.

"என்னுடையது கிழக்குக்காரன்" என்று பச்சையைத் தொட்டுக் காட்டினார். "முன்கால்கள் வெளிறியவை, வால் குட்டை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பட்டை. நியூகினிக்காரனுக்குக் கால்கள் கறுப்பு, வால் நீளம். இரண்டும் வேறு வேறு இனங்கள். சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்." குழப்பிக்கொள்பவர்களைப் பற்றி மெல்லிய வருத்தத்துடன் பேசினார். அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. விமானம் என்றால் பயம்.

அவருக்கு வாழ்க்கையில் ஓர் ஆசை இருந்தது. நகரத்தில் பல்லி பாம்பு வளர்ப்பவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை ஒரு பியர்க்கடையின் பின்னறையில் கூடுவார்கள். பல வருட அங்கத்தவராக இருந்தும் அவர் அங்கே ஒருமுறைகூட உரையாற்றியதில்லை. தலைவர் ஒரு பல் வைத்தியர். எதையும் ஓரப்புன்னகையுடன் கேட்பவர். 'எங்கள் வரைபடக்காரர்' என்றுதான் இவரைக் கூப்பிடுவாராம், விலங்குக்காரர் இல்லை என்ற அர்த்தத்தில். வரவிருந்த குளிர் மாரிகாலத்தில் ஒருவழியாக இவருக்கு ஒரு மாலை ஒதுக்கியிருந்தார்கள். தலைப்பு: நீலநாக்கு அரணையின் வகைப்பாடும் பரம்பலும்.

அதற்குப் பிறகு அடிக்கடி மேலே போனேன். அவர் கோப்பி ஊற்றுவார்; நான் தலையாட்டுவேன். ஒரு மாலை சின்னக் கண்ணாடிக் கிளாஸ்களில் காரமான ஏதோ ஒன்றை ஊற்றி, இனிமேல் 'நீ' என்றே பேசுவோம் என்றார். ஜேர்மன்காரர் ஒருவர் 'நீங்கள்' என்பதை விட்டு 'நீ' என்று பேசக் கேட்பது எங்கள் ஆட்கள் கலியாணத்துக்குச் சம்மதிப்பது மாதிரி. யோசித்துத்தான் செய்வார்கள், பின்வாங்க மாட்டார்கள். அந்நிய நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதர் அவர்.

கோடை முடியும் தறுவாயில் அவருடைய முழங்கால் வலிக்கு வைத்தியர் வெந்நீரூற்று ஊர் ஒன்றுக்குப் போய்ச் சில வாரம் தங்கச் சொன்னார். வீட்டுத் திறப்பை என் கையில் வைத்து, "உன்னைவிடத் தகுதியான ஆளை எங்கே தேடுவேன்?" என்றார்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "இஞ்சருங்கோ, அரணைக்குச் சாப்பாடு வைக்கப் போறியளோ? உங்களுக்கு ஓணானைக் கண்டாலே கை நடுங்கும்."

"அது அரணை இல்லை. விலங்கியல்ல அதுக்குப் பேர் டிலிகுவா."

"அது நக்கினா டொச்சிலயோ சாவியள்?"

ஆனாலும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். ஒரு நீண்ட கரண்டியின் நுனியில் தக்காளியும் முட்டையும் வைத்து, தூரத்தில் நின்று நீட்டுவேன். எல்லாம் நன்றாகவே போயிற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தமையன் ஆட்டிறைச்சிக் கறிக்கு வரும்வரை.

மச்சான் வேறு நகரத்தில் கார்த் தொழிற்சாலையில் வேலை. கூடவே இரண்டு சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேசையில் கிடந்த திறப்பைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், டொச்காரன் வீட்டுத் திறப்பு உம்மட கையில? அங்கயும் கோப்பை கழுவுறீரோ?" என்றார். சிநேகிதர்கள் சிரித்தார்கள்.

"அவர் வளர்க்கிற விலங்கைப் பார்க்கச் சொல்லித் தந்திட்டுப் போனவர். விலங்கியலாளர் எண்டு."

"ஆர், நீரோ?"

அந்த 'நீரோ' என்னைக் கதிரையிலிருந்து எழுப்பியது. மூவரையும் மேலே கூட்டிப் போனேன். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றினோம். மச்சானின் ஒரு காலுறையில் ஓட்டை. பெருவிரல் முழுதாக வெளியே நின்றது. அதைப் பற்றி அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"இதென்ன, முதலைக் குட்டியோ?"

"அரணை."

சிரிப்பு நின்றது. "அரணை எண்டா... எங்கட அரணையோ?"

"அதே குடும்பம். இனம் வேற."

"குடும்பம் ஒண்டெண்டா குணமும் ஒண்டுதானே" என்றார் மச்சான், பின்னால் நகர்ந்தபடி.

மாணவர்கள் முன்னால் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. வரைபடத்தின் முன்னால் போய் நின்றேன். பச்சை, மஞ்சள், ஊதா எல்லாவற்றையும் சுட்டு விரலால் விளக்கினேன். நாக்கு நீலமாக இருப்பது எதிரியை வெருட்டுவதற்கு, நக்குவது மணம் பிடிப்பதற்கு, விஷம் என்பது அறியாமை என்றேன். இவ்வளவும் சொன்ன பிறகு கண்ணாடிக்கு வெளியே நிற்பது முறையல்ல என்று பட்டது. மூடியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதை முதன்முறையாகக் கையில் தூக்கினேன். எதிர்பார்த்ததைவிடப் பாரம். கம்பளத்தில் இறக்கிவிட்டேன்.

அது ஒருகணம் யோசித்தது. பிறகு, மறக்காமல், நேரே மச்சானை நோக்கிப் போனது. காலுறையிலிருந்து வெளியே நின்ற சிவந்த பெருவிரலைத் தக்காளி என்று நினைத்திருக்க வேண்டும். சாவதானமாக நக்கியது.

மச்சான் கத்தவில்லை. "நக்கிப்போட்டுது" என்றார், வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரைப் போல. அப்படியே சோபாவில் சரிந்தார். "மச்சான், என்ர மூத்தவளின்ர கலியாணத்தை நீர்தான் நிண்டு நடத்தவேணும்."

"ஒண்டும் செய்யாது!"

"அண்ணை, கண்ணை மூடாதேங்கோ! நித்திரை கொள்ள விடக்கூடாது!" என்று ஒரு சிநேகிதர் அவர் கன்னத்தில் தட்டத் தொடங்கினார். மற்றவர் கால்களைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு படிக்கட்டால் இறங்கினார்கள். கீழே என் மனைவி கதறியபடி துவாயைக் கிழித்துத் தமையனின் கணுக்காலில் இறுக்கிக் கட்டினாள். யாரோ அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டார்கள்.

வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள். "என்ன கடித்தது?"

"கடிக்கவில்லை" என்றேன். "நக்கியது."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எது?"

சொன்னேன். அதில் ஒருவர் மிகவும் மரியாதையாக, "அதிக நேரம் நக்கியதா?" என்று கேட்டார். மற்றவர் அதற்குள் இரத்த அழுத்தத்தை அளந்துவிட்டு முகம் மாறினார். அது உண்மையாகவே பயங்கரமாக ஏறியிருந்தது. அன்றைக்கு மட்டும் ஏறியதல்ல, பல காலமாகவே ஏறியிருந்ததாம். கொண்டுபோனார்கள். மச்சான் அன்று தொடக்கம் அழுத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார். தன் உயிரைக் காப்பாற்றியது அந்த அரணைதான் என்று இப்போதும் சபைகளில் சொல்வார்.

அம்புலன்ஸ் போனதும் நான் முதலில் செய்த காரியத்தையும் எழுதிவிடுகிறேன். குசினிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கைகளை முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அது முடிந்த பிறகுதான் மேல் வீட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

கம்பளத்தில் ஒன்றுமில்லை. சோபாவுக்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால், ஹைசுங் என்னும் சூடாக்கிக் குழாய்களின் இடுக்கில், எங்கும் இல்லை. படிக்கட்டு முழுவதும் தேடினேன். யாராவது கதவைத் திறந்தால் சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். அந்த ஊரில் ஒரு பூனை தொலைந்தால்கூட விளக்குக் கம்பமெல்லாம் அறிவித்தல் ஒட்டுவார்கள். நான் கீழ்க்கதவில் ஒரே ஒரு கடதாசி ஒட்டியிருக்கலாம். விலங்கியலாளர் விலங்கைத் தொலைத்துவிட்டார் என்று கட்டடம் முழுக்கத் தெரியவருமே என்று ஒட்டவில்லை. என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

"போன் எடுத்துச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி.

"வரட்டும். நேர சொல்லுறன்."

பக்கத்து ஊர் மண்டபம் ஒன்றில் பல்லி பாம்புச் சந்தை நடப்பதாக அவருடைய சஞ்சிகை ஒன்றில் பார்த்தேன். மச்சானும் குற்ற உணர்ச்சியால் கூட வந்தார். அவுஸ்திரேலியா தன் விலங்குகளை வெளியே விடுவதில்லை. ஜேர்மனியில் இருப்பவை இங்கேயே பிறந்தவை, கிடைப்பது அருமை என்று மேல்மாடிக்காரர் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தார். அது ஒன்றும் அன்று ஞாபகம் வரவில்லை. ஒரு மேசையில் மரவள்ளிக்கிழங்கு அளவில் ஒன்று இருந்தது. ஊரில் மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பதுபோல மச்சான் குனிந்து, "வாயைத் திறக்கச் சொல்லும்" என்றார். திறந்தது. நீலம். வாங்கினோம். விலங்கியலில் பட்டம் பெற்ற நான் கால்களைப் பார்க்கவில்லை, வாலைப் பார்க்கவில்லை. அரணைப் புத்தி.

அவர் வெயிலில் சிவந்து, தடியில்லாமல் நடந்து, எனக்குப் பரிசாக ஒரு கோப்பிக் கோப்பையும் வாங்கிக்கொண்டு வந்தார். கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்தார். நிமிரவில்லை. நேர்மையாகச் சொல்கிறேன், அந்தக் குனிந்த முதுகைப் பார்த்தபோது உண்மை என் தொண்டைவரை வந்தது.

"கால்கள் கறுத்திருக்கின்றனவே" என்றார். "கண்ணுக்குப் பின்னால் இருந்த பட்டையையும் காணவில்லை. வால்... இது என்னுடையதுதானா?"

"ஓம். தோல் உரித்தது" என்றேன். "உரித்ததும் இந்த நிறம் வந்துவிட்டது. அறைச் சூடு கொஞ்சம் குறைந்துபோயிற்று. குளிரில் நிறமிகள் திரளும். வால், உணவினால் இருக்கலாம். நான் பருப்பும் கொடுத்தேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உரித்ததை நீ கண்ணால் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் அதற்கு வால் முளைத்ததுதான்.

அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. தன் வரைபடத்தைச் சந்தேகித்தார். இரவும் பகலும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: கிழக்குக்காரனும் நியூகினிக்காரனும் வேறு வேறு இனங்களல்ல, ஒரே இனம்தான், சூட்டுக்கும் உணவுக்கும் ஏற்ப உருமாறுகிறது. உலகத்தில் இதைக் கண்ணால் கண்ட முதல் விலங்கியலாளன் தன் கீழ்மாடியில் கோப்பை கழுவுகிறான். ஒரு மாலை நான் போனபோது ஏணியில் நின்று, அழிறப்பரால் அந்த ஊசிமுனைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடலைத் தாண்டிப் பச்சை நிறத்தை நியூகினிவரை தீட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கோப்பி ஊற்றினார். சூடான கோப்பியை வைத்துக்கொண்டு அப்படியொன்றைச் சொல்ல ஏலாது என்று நினைத்துக்கொண்டேன். கோப்பி ஆறிய பிறகும் சொல்லவில்லை.

உரைநாள் வந்தது. அவர் கலியாண உடுப்பைப் போட்டிருந்தார். என்னையும் கழுத்துப்பட்டி கட்டவைத்தார். பியர்க்கடையின் பின்னறை நிறைந்திருந்தது. நன்றாகவே பேசினார், வரைபடத்தைத் தடியால் தொட்டுத் தொட்டு அவர் பேசியபோது எனக்கே ஒருகணம் நம்பிக்கை வந்தது. கடைசியில் இரண்டு பெரிய புகைப்படங்களைத் தொங்கவிட்டார்: தோல் உரிக்க முன், உரித்த பின். "இந்த மாற்றத்தை இலங்கையிலிருந்து வந்த விலங்கியலாளரான என் நண்பர் நேரில் கண்டிருக்கிறார்." என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன்.

பல் வைத்தியர் கையை உயர்த்தினார். "ஒரு சின்னக் கேள்வி. இந்தப் பிராணி என் வீட்டில் பிறந்தது. குட்டியாக இருந்தபோது கூடப்பிறந்தது ஒன்று இதன் இடது பின்காலில் ஒரு விரலைக் கடித்துத் தின்றுவிட்டது. முதற் படத்தில் விரல்கள் நான்கு. இரண்டாவதில் ஐந்து. தோலோடு விரலும் முளைத்ததா?"

எல்லாத் தலைகளும் படத்துக்குத் திரும்பின. மேல்மாடிக்காரரும் திரும்பினார். எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வைக்கு உண்மை ஒன்றுதான் பதில். நான் சொன்னது: "சில வேளைகளில் முளைக்கும்."

பின்னறை வெடித்தது. ஒருவர் பியரில் புரைக்கேறி இருமினார். "பருப்புக் கொடுத்தால் எனக்குத் தலைமயிரும் முளைக்குமா?" என்று ஒரு வழுக்கையர் கேட்டார். மேல்மாடிக்காரர் வரைபடத்தைச் சுருட்டினார். நல்ல வரைபடக்காரர்கள் சுருட்டுவதுபோல, ஓரம் மடியாமல்.

திரும்பும் ட்ராமில் வரைபடத்தை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார். எங்கள் நிறுத்தம் வருவதற்குச் சற்று முன்னால், "உன்னையும் சேர்த்துச் சிரித்தார்கள். உன்னை அங்கே கூட்டிப் போனது என் பிழை. மன்னித்துக்கொள்" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ எதிர்பார்ப்பவர்போல என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"பரவாயில்லை" என்றேன்.

அப்படித்தான். நான் அவரை மன்னித்தேன்.

அதற்குப் பிறகு அவர் சங்கத்துக்குப் போகவில்லை. படிக்கட்டில் வழக்கம்போலச் சுவரோடு ஒட்டி வழிவிடுவார். கோப்பிக்குக் கூப்பிடுவதில்லை. நான் பின்னேர வேலைக்கு மாறி, அவர் இறங்கும் நேரங்களைத் தவிர்த்தேன். மாரிகாலம் முழுக்க அப்படியே போனது.

வசந்தத்தில் ஒரு காலை மனைவி கட்டடத்தின் அடியிலுள்ள கெல்லருக்கு உடுப்புத் தோய்க்கப் போனாள். சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது உடுப்புக் கூடையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். உள்ளே என்னுடைய சேட்டுக்கு மேல், மெலிந்து, தூசி படிந்து, ஓர் அரணை.

"சுடுதண்ணி பொயிலருக்குப் பின்னால இருந்தது. பெட்ஷீட்டை எடுக்கக் கையை விட்டன். நக்கிப்போட்டுது." வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்கோ. நிக்கிறன்தானே?"

இடது பின்காலைப் பார்த்தேன். நான்கு விரல்.

மாரிகாலம் முழுக்க அது எப்படி உயிர் பிழைத்தது என்பது பிறகு தெரியவந்தது. கீழ்வீட்டு மூதாட்டிக்குக் கெல்லரில் ஏதோ ஊரும் சத்தம் கேட்டிருக்கிறது. குளிருக்கு ஒதுங்கிய முள்ளெலி என்று நினைத்துத் தினமும் ஒரு தட்டில் பூனைச்சாப்பாடு வைத்திருக்கிறார். முள்ளெலிக்கு நல்ல பசி என்று எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். எனக்கும் சொன்னவர். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

"இப்ப மேல போங்கோ" என்றாள் மனைவி. "நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன். எனக்கு டொச் குறைவுதான். ஆனா இதுக்குக் காணும்."

கூடையோடு போய் மணியை அடித்தேன். அவர் கதவைத் திறந்து, கூடையைப் பார்த்து, உள்ளே கையை விட்டு, அதைத் தூக்கினார். பின்காலை விரலால் மெல்லத் தடவினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: மச்சானின் பெருவிரல், திறந்த கதவு, சந்தை, தோல், பருப்பு. விலங்கியலாளர் அல்ல, பள்ளிக்கூட ஆசிரியர் என்பதையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "அவுஸ்திரேலியாவின் ஒவ்வொரு குடாவையும் வளைவு பிசகாமல் வரைந்தவன் நான். என் பிராணியின் விரலை எண்ணாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்குப் பின்னறையில் எண்ணினேன். ட்ராமில் உண்மை உன் வாயால் வரும் என்று காத்திருந்தேன்."

நான் வெறுங்கூடையைக் கீழே வைத்தேன்.

"தொலைந்தது பெரிய விஷயமில்லை. விலங்குகள் தொலையும். சொல்லியிருந்தால் இருவருமாக ஒரு டோர்ச் லைட்டோடு கெல்லருக்குப் போயிருப்போம். இது மாரிகாலம் முழுக்க என் காலடியில் இருந்திருக்கிறது." பிறகு அரணையை நெஞ்சோடு அணைத்தபடி, "நன்றி. நீங்கள் போகலாம்" என்றார். நீங்கள் என்றார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு நான் தனியே போனேன். கழுத்துப்பட்டி கட்டவில்லை. பேச அனுமதி கேட்டு, எழுந்து நின்று, என் குறைந்த டொச்சில் முழுவதையும் சொன்னேன். அவர் சொன்னது பிழையல்ல, அவருக்குச் சொல்லப்பட்டதே பிழை, சொன்னவன் நான் என்றேன். மச்சானின் விரல் வரும் இடத்திலேயே சிரிக்கத் தொடங்கினார்கள். அம்புலன்ஸ்காரர் 'அதிக நேரம் நக்கியதா' என்று கேட்ட இடத்தில் பல் வைத்தியர் கண்ணீரைத் துடைத்தார். இந்தமுறை சிரிப்பு சரியான முகவரிக்கு வந்தது. கூட்டம் முடிந்ததும் அதே பல் வைத்தியர் என்னிடம் வந்து, "அவர் திரும்பவும் பேச வருவாரா? கேட்டுச் சொல்லுங்கள். நான் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன்" என்றார்.

கேட்டேன். படிக்கட்டில்தான் கேட்க முடிந்தது. அவர் சுவரோடு ஒட்டி நின்று யோசித்தார். "ஒரு நிபந்தனை" என்றார்.

கோடையில் அந்த உரை நடந்தது. பின்னறை முன்பைவிட நிறைந்திருந்தது. புதிய வரைபடத்தில் ஊசிமுனைக் கோடு மீண்டும் அதன் இடத்தில் இருந்தது. கடலுக்கு இந்தப்பக்கம் பச்சை, அந்தப்பக்கம் ஊதா. மேசையில் கிழக்குக்காரன், பூனைச்சாப்பாட்டை விட்டு மீண்டும் தக்காளிக்குப் பழகிக் கொழுத்திருந்தது. நியூகினிக்காரனை, நிபந்தனைப்படி, நான் கையில் ஏந்தி நிற்க வேண்டும், உரை முடியும்வரை. வெளிறிய கால் என்று அவர் சொல்லும்போது தன்னுடையதைத் தூக்கிக் காட்டினார். கறுத்த கால் என்னும்போது தடியால் என் பக்கம் காட்டினார். நான் வாலை நீட்டிப் பிடித்தேன்.

அதற்கு முன்னால் என்னைச் சபைக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். "இவர் என் அயல்வீட்டுக்காரர். என் பிராணியைத் தொலைத்தவர். கண்டுபிடித்தவர் இவருடைய மனைவி. அந்த அம்மா முன்வரிசையில் இருக்கிறார்." எல்லாரும் கைதட்டினார்கள். மனைவி எழுந்து கும்பிட்டாள்.

உரைக்குப் பிறகு அவர் நியூகினிக்காரனைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. "இது நீங்கள் வாங்கியது" என்றார். அது எங்கள் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், பல வருடங்கள் இருந்தது. மனைவி அதற்குப் பப்பாசிப்பழம் வெட்டிக் கொடுப்பாள். மச்சான் வரும்போதெல்லாம் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. மேல்மாடிக்காரர் கிழமைக்கு ஒருமுறை இறங்கிவந்து அதன் நகங்களைப் பார்ப்பார். என் மனைவியோடு 'நீ' என்று பேசி, அவள் போடும் தேத்தண்ணியைக் குடித்து, அவளுக்கு டொச்சும் திருத்திக் கொடுப்பார். என்னிடம் கடைசிவரை, மிகவும் மரியாதையாக, நீங்கள் என்றே பேசினார்.

அந்தக் கோடை உரையின்போது நான் அசையாமல் நின்றேன். ஏந்திய கையில் அரணை தலையை உயர்த்தி, என் மணிக்கட்டை முகர்ந்து, நாக்கை நீட்டியது. இரண்டு கைகளும் அதற்கே தேவைப்பட்டதால் ஒன்றையும் எடுக்க வழியில்லை. அவர் வரைபடத்தில் தஸ்மேனியாவுக்குப் போய்ச் சேரும்வரை அது என்னை நக்கிக்கொண்டே இருந்தது.